பாலைக்குச் சான்று: செடிகள் எழுதிய வறட்சி வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் ஐந்திணை குறித்துப் பேச்சு நிகழ்ந்தது. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் திரிந்தபோது கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை கூறுவதை ஒருவர் எடுத்துரைத்தார். கேட்டிருந்த இளங்கவிஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, இது கவிஞர் கண்டதா, கற்பித்ததா? நிலம் மெய்யாகவே திணை மாறுமா?" என்று வினவினார். அன்று இலக்கணத்தைக் கொண்டு விடை சொன்னோம். அந்த விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, தீராத அந்தக் கடனே முதலில் நினைவுக்கு வந்தது.

விடையைத் தேடிச் சென்றபோது அது ஏட்டில் கிடைக்கவில்லை, இலையில் கிடைத்தது. செடி தான் பட்ட தாகத்தைத் தன் உடம்பிலேயே எழுதி வைக்கிறது என்பதையும், அவ்வெழுத்தைப் படிக்கும் கலை கடந்த நூறாண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதையும், நம் நாட்டு அறிஞர் அக்கலையால் நீலமலையின் பழைய வறட்சிகளை எவ்வாறு கண்டறிந்தனர் என்பதையும் இங்கே சொல்ல முற்படுகிறேன்.

கச்சியும் வறட்சியும்

வறட்சி நம் ஊருக்குப் புதிதன்று. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திக் காஞ்சிக்கு வந்தபோது, மழை பொய்த்து மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்தனர் என்பதைக் கச்சிமாநகர் புக்க காதையில் காண்கிறோம். தமிழின் பெருங்காப்பியம் ஒன்றில் நம் நகர் காட்சி தருவதே பசியுற்ற நகராகத்தான். இறையனார் களவியல் உரையோ, பாண்டிய நாட்டில் பன்னிரண்டு யாண்டு வற்கடம் நேர்ந்ததாகவும், புலவரைப் புரக்க இயலாத அரசன் அவர்களை வேற்றிடங்களுக்குச் செல்ல விடுத்ததாகவும், நாடு மீண்டும் நாடானபின் எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்களே திரும்பினர், பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர் என்றும் சொல்கிறது. இச்செய்தியை வரலாறெனக் கொள்ளினும் புனைவெனக் கொள்ளினும் அதில் ஓர் உண்மை உண்டு. வறட்சி வயிற்றை மட்டும் வாட்டுவதில்லை. ஒரு மொழியின் நினைவையே அறுத்துவிடும் என்று நம் முன்னோர் அஞ்சினர்.

அந்த அச்சமே ஏரிகளாயிற்று. காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடுகள், ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவர தடாகம் என்னும் ஏரி வெட்டப்பட்டதையும், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வழி அதற்கு நீர் கொணரப்பட்டதையும் கூறுகின்றன. அதே செப்பேடுகள் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் நிவந்தம் குறிக்கின்றன. நீரும் இலக்கியமும் ஒரே ஏட்டில் இடம்பெற்ற மண் இது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தெரிந்தெடுத்த முறையை விரிக்கின்றன. பெரிய காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயில் நிற்கும் தெருவுக்கே புத்தேரித் தெரு என்று பெயர்.

எனினும் இச்சான்றுகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஏரி வெட்டியவன் யார், நிலம் எவ்வளவு, எல்லை எது என்பவற்றைக் கல்லும் செம்பும் சொல்கின்றன. எந்த ஆண்டு மழை பொய்த்தது, எத்தனை ஆண்டு தொடர்ந்து பொய்த்தது என்பதை அவை அரிதாகவே சொல்கின்றன. மழையை அளந்து எழுதும் வழக்கம், 1792-இல் சென்னையில் வானாய்வகம் அமைந்தபின், அதற்கடுத்த நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்துக்கு அளவைக் குறிப்பும் உண்டு, கும்மியும் சிந்தும் உண்டு. அதற்கு முந்தைய பஞ்சங்களுக்கு மனிதச் சான்று ஒரு சொல், ஒரு கதை, ஓர் ஏரி என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

மனிதன் எழுதாத நாள்களில் யார் எழுதினார்? இவ்வினாவுக்கே செடி விடை தருகிறது.

ஓரிடத்தில் அமர்ந்த உடன்பிறப்புகள்

கரி என்னும் தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுடையவை அல்ல. இயற்கையில் நூறு கரியணுக்களை எடுத்தால் ஏறத்தாழத் தொண்ணூற்றொன்பது பன்னிரண்டு அலகு எடை கொண்டவை. ஏறத்தாழ ஒன்று பதின்மூன்று அலகு எடை கொண்டது. வேதியியல் குணத்தில் இரண்டும் ஒன்றே. தனிமங்களின் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம். ஆதலின் 1913-இல் ஃபிரெடரிக் சாடி என்னும் ஆங்கில அறிஞர் இத்தகைய உடன்பிறப்புகளுக்குக் கிரேக்க மொழியில் 'ஒரே இடம்' என்று பொருள்படும் ஐசோடோப் என்னும் பெயரை வழங்கினார். அப்பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்னும் பெண் மருத்துவர். அவர் நாவல் எழுதியவரும் ஆவார். அறிவியலுக்கு ஓர் எழுத்தாளர் ஈந்த சொல் அது. தமிழில் அதனை ஓரிடத் தனிமம் என்பது பொருள் பிறழாத ஆக்கமே.

கரியின் குடும்பத்தில் மூன்றாவதாக ஓர் உறுப்பினரும் உண்டு. பதினான்கு எடையுடைய அது நிலையற்றது. 5730 ஆண்டுகளில் தன்னில் பாதியை இழந்துவிடும். வில்லார்டு லிப்பி என்னும் அமெரிக்கர் 1949-இல் அவ்விழப்பை அளந்து பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் வழியை நிறுவினார். பன்னிரண்டும் பதின்மூன்றும் சிதைவதில்லை. கோடி ஆண்டானாலும் அப்படியே இருக்கும். நம் ஊரின் பெயரைத் தாங்கிய காஞ்சித் திணை நிலையாமையைப் பேசுவது என்பதை நாம் அறிவோம். கரிக் குடும்பத்தில் நிலையாத உறுப்பு காலத்தைச் சொல்கிறது. நிலைத்த உறுப்புகள் அக்காலத்தின் தன்மையைச் சொல்கின்றன. ஒன்று 'எப்போது' என்பதற்கும், மற்றவை 'எப்படி இருந்தது' என்பதற்கும் சான்று.

இந்நுண்ணிய எடை வேற்றுமையை அளக்க ஒரு தராசு வேண்டும். அணுக்களுக்கு மின்னூட்டம் தந்து காந்தத்தின் ஊடே செலுத்தினால் இலேசானவை மிகுதியாகவும் கனத்தவை குறைவாகவும் வளையும். இவ்வாறு பிரித்து எண்ணும் நிறைமாலைமானி என்னும் கருவியைச் செம்மைப்படுத்தியவருள் தலையாயவர் ஆல்ஃபிரெடு நீர். அவரும் கல்பிரான்சன் என்பவரும் 1939-இல் ஒரு வியப்பைக் கண்டனர்: சுண்ணாம்புப் பாறையிலுள்ள கரியைக் காட்டிலும் செடியிலுள்ள கரியில் கனத்த அணு குறைவு. செடி கரியமில வாயுவை உட்கொள்ளும்போது இலேசானதைத் தெரிந்தெடுக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. சரிகையின் நிறையில் குன்றிமணி வேறுபாட்டையும் விடாது பார்க்கும் நம் ஊர்க் கண்ணுக்கு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்னும் வேறுபாட்டின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

பஞ்சத்தில் பொறுக்கித் தின்ன முடியாது

செடி ஏன் தெரிந்தெடுக்கிறது? இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே கரியமில வாயு உள்ளே வருகிறது. அதே வழியே நீராவி வெளியேறுகிறது. செடிக்கு உண்ணவும் அதே வாயில், வியர்க்கவும் அதே வாயில். உண்ணத் திறந்தால் நீர் போகும். நீரைக் காக்க மூடினால் உணவு நின்றுபோகும். வறட்சியில் ஒவ்வொரு செடியும் படும் பாடு இதுவே.

உள்ளே வந்த வாயுவைப் பற்றிச் சர்க்கரையாக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். அது இலேசான கரியையே விரும்பும். நீர் வளம் மிக்க காலத்தில் துளைகள் விரியத் திறந்திருக்கும். வாயு தாராளமாக வரும். நொதியும் விருப்பம்போல் இலேசானதைப் பொறுக்கிக்கொண்டு கனத்ததைத் தள்ளிவிடும். வறட்சி வந்ததும் துளைகள் ஒடுங்கும். உள்ளிருக்கும் வாயு அருகும். நொதிக்குத் தெரிந்தெடுக்க வழியிராது. கனத்த கரியையும் சேர்த்தே உண்ண நேரும். களஞ்சியம் நிறைந்த வீட்டில் முனை முறியாத அரிசியாகப் பொறுக்கி உலையிடுவர். பஞ்ச காலத்தில் குறுநொய்யும் உலைக்குப் போகும். செடியின் நிலையும் அதுவே. தாகமுற்ற ஆண்டில் உருவான இலையிலும் மரத்திலும் கனத்த கரியின் பங்கு சற்றுக் கூடுகிறது. அது பின்னர் அழிவதில்லை.

இத்தொடர்பைக் கணித வடிவில் நிறுவியவர்கள் ஆஸ்திரேலியாவின் கிரகாம் ஃபார்குவரும், அவருடன் பணிசெய்த ஓலியரி, பெர்ரி ஆகியோரும் ஆவர், ஆண்டு 1982. இலையின் கரியை எடை பார்த்தால், அது வாழ்ந்த நாளெல்லாம் துளைகளை எவ்வளவு திறந்து வைத்திருந்தது, ஒரு துளி நீருக்கு எவ்வளவு உணவு ஈட்டியது என்பதை உய்த்துணரலாம் என்று அவர்கள் காட்டினர். ஃபார்குவருக்கு 2017-இல் கியோட்டோ பரிசு வழங்கப்பட்டது.

நெல்லும் தினையும் இருவேறு குலம்

இக்கதையில் இன்னொரு கிளை உண்டு. கவிஞர்களுக்கு அது உவப்பானது. செடிகள் யாவும் ஒரே வழியில் உண்பதில்லை. பெரும்பாலானவை கரியமில வாயுவை நேரே ரூபிஸ்கோவிடம் சேர்க்கின்றன. முதலில் உருவாகும் பொருளில் மூன்று கரியணுக்கள் இருப்பதால் இதனை முக்கரி வழி என்போம். ஹவாய்த் தீவில் கரும்பை ஆராய்ந்தோர் அதில் முதலில் நான்கு கரியணுப் பொருளே உருவாகக் கண்டு 1965-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஹேட்ச், ஸ்லாக் என்னும் இருவர் அவ்வழியின் படிகளை விளக்கினர். இது நாற்கரி வழி. இவ்வழியில் இலைக்குள்ளே புறஅறை, உள்அறை என இரண்டு அடுக்களைகள். புறஅறை வாயுவைக் கவர்ந்து உள்அறைக்குள் நெருக்கித் தள்ளுகிறது. துளையைச் சிறிதே திறந்தாலும் போதும், நீர்ச்செலவு குறைவு, வெம்மையும் வறட்சியும் நிறைந்த இடத்தில் வாழ ஏற்ற முறை. நெருக்கித் தள்ளப்பட்ட வாயு பெரும்பாலும் முழுதும் பயன்பட்டுவிடுவதால், பொறுக்கி எடுக்கும் வாய்ப்பு நொதிக்கு மிகக் குறைவு.

ஆதலால் இவ்விரு குலத்தையும் எடையாலேயே பிரித்தறியலாம். அமெரிக்காவில் கிடைத்த ஒரு கடலுயிரின் கல்லான உடலை அளவுகோலாக வைத்து ஒப்பிட்டால், முக்கரிச் செடிகளில் கனத்த கரி ஆயிரத்துக்கு 27 அளவில் குறைந்திருக்கும். நாற்கரிச் செடிகளில் 13 அளவிலேயே குறைந்திருக்கும். இடையே தெளிவான இடைவெளி.

நம் பயிர்களை இக்கண்ணால் பாருங்கள். நெல், நிலக்கடலை, உளுந்து, மா ஆகியவை முக்கரிக் குலம். கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, வரகு, சாமை, தினை ஆகியவை நாற்கரிக் குலம். முல்லைக்கு வரகும் சாமையும், குறிஞ்சிக்குத் தினையும், மருதத்துக்கு நெல்லும் உணவென உரையாசிரியர்கள் வகுத்ததை இதனோடு சேர்த்து எண்ணுங்கள். குறிஞ்சியில் ஐவன நெல்லும் உண்டாதலின் பொருத்தம் முழுமையானதென்று சொல்லமாட்டேன். எனினும் வானம் பார்த்த நிலத்துக்கு ஒரு குலத்தையும், நீர் நிறைந்த வயலுக்கு வேறொரு குலத்தையும் உழவன் பட்டறிவால் பிரித்தான். புலவன் அதனைத் திணைக் கருப்பொருளாக்கினான். 1960களில் ஆய்வுக்கூடம் அதன் காரணத்தைக் கண்டது.

நீருக்கடியில் உறங்கும் ஏடு

இனி, இவ்வெழுத்து எங்கே காக்கப்படுகிறது என்பதைப் பார்ப்போம். இலை உதிர்ந்தால் மட்கிப்போகும். மட்கினால் ஏடு அழிந்தது. மட்காமல் காப்பது எது? காஞ்சியில் வாழ்வோருக்கு இதனை விளக்குவது எளிது. வரதராசர் கோயில் அனந்தசரசு திருக்குளத்தின் நீருக்கடியில் அத்திமரத் திருமேனி எழுந்தருளியிருப்பதையும், நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளிவருவதையும் நாம் அறிவோம். 1979-இலும் 2019-இலும் கண்டவர்கள் நம்மிடையே உள்ளனர். காற்று புகாத நீரடியில் மரத்தை அரிக்கும் உயிர்கள் வாழ்வது அரிது. மரத்தை நீர் அழிக்கும் என்று நினைக்கிறோம். முற்றும் மூழ்கிய மரத்தை நீரே காக்கிறது.

நீலமலையின் உச்சிகளில் இவ்வாறே சதுப்புப் பள்ளங்கள் உள்ளன. சுற்றிலும் உள்ள புல்லும் சோலைமர இலையும் ஆண்டுதோறும் அவற்றில் விழுந்து, நீரில் அமிழ்ந்து, முழுதும் மட்காமல் கரிய சேறாக அடுக்கடுக்காகப் படிகின்றன. அடியில் இருப்பது பழையது; மேலே இருப்பது புதியது. ஆங்கிலத்தில் பீட் எனப்படும் இச்சேறே நாம் தேடிய ஏடு.

இந்த ஏட்டைப் படித்தவர்கள் நம் நாட்டு அறிஞர்களே. யானைகளை ஆராய்ந்து புகழ்பெற்ற பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆர். சுகுமார், அகமதாபாது இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்து ஆர். ரமேஷ், அவர்களோடு ஆர். கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் உதகைக்கு அருகே சாண்டிநல்லாவின் கரிச்சேற்றை அடுக்கடுக்காக எடுத்தனர். நிலையாத கரியால் ஒவ்வோர் அடுக்கின் வயதையும், நிலைத்த கரியால் அவ்வடுக்கில் எக்குலச் செடி மிகுந்திருந்தது என்பதையும் கண்டனர். ஈரம் மிக்க காலத்தில் சோலைமரமும் முக்கரிப் புல்லும் மிகும். வறண்ட காலத்தில் நாற்கரிப் புல் பரவும். இவ்விரண்டின் ஏற்ற இறக்கமே மழையின் ஏற்ற இறக்கம். அவர்கள் கண்ட முடிவு 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. 1997-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அதன் நீட்சியாக 40,000 ஆண்டு வரையிலான பதிவு வெளிவந்தது.

சேறு சொன்ன கதை இது. உலகின் வடபுறம் பனி மூடியிருந்த ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் நீலமலை வறண்டு, நாற்கரிப் புல் ஓங்கியிருந்தது. பின்னர்ப் பருவமழை வலுப்பெற்று, 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சத்தை அடைந்தது. மீண்டும் 6,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 3,500 ஆண்டுகளுக்கு முன் வரை வறட்சி. இன்றைக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் சிறிது காலம் மீண்டும் ஈரம். ஒரே மலை. அதில் சோலை ஒடுங்கிப் புல் பரந்தது, புல் ஒடுங்கிச் சோலை விரிந்தது, மறுபடியும் மாறிற்று.

இம்முடிவால் ஒரு பழைய வழக்கும் தெளிவுற்றது. நீலமலையின் பரந்த புல்வெளிகள் இயற்கையானவையா, மனிதர் காட்டை எரித்தும் கால்நடை மேய்த்தும் உண்டாக்கியவையா என்று நெடுங்காலம் வாதிட்டனர். புல்வெளியை வீண்நிலமெனக் கருதியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் ஆஸ்திரேலியச் சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொணர்ந்து அதன்மேல் நட்டனர். மனிதக் கைபடுவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே புல் இருந்தது என்று சேறு சாட்சி சொல்லிற்று. அச்சாட்சியைக் கேட்பதற்குள் புல்வெளியின் பெரும்பகுதி போய்விட்டது.

சாட்சியின் எல்லைகள்

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை இன்றி ஏற்பது வரலாறாகாது. பனிக் காலத்தில் காற்றில் கரியமில வாயு இன்றைய அளவில் பாதிக்கும் குறைவு. வாயு குறைந்தாலும் நாற்கரிப் புல்லுக்கே நன்மை. ஆகவே அக்காலப் புல் முழுவதும் வறட்சியால் மட்டுமே விளைந்ததென்று சொல்லலாகாது. சேற்றின் ஓர் அடுக்கில் பல தலைமுறைகளின் இலைகள் கலந்திருப்பதால், அது ஒரு குறிப்பிட்ட ஆண்டின் பஞ்சத்தைக் காட்டாது.

ஆண்டாண்டாக அறிய மரத்தின் வளையங்களை நாட வேண்டும். ரமேஷ், பட்டாச்சார்யா, கோபாலன் ஆகியோர் காஷ்மீரத்து மரங்களின் வளையங்களில் ஓரிடத் தனிமங்களை அளந்து 1985-இல் வெளியிட்டனர். 1989-இல் மும்பைக்கு அருகே தாணேயில் வளர்ந்த தேக்கின் வளையங்களில் நீரகத்தின் ஓரிடத் தனிமத்தைக் கொண்டு மழையை ஆராய்ந்தனர். கேரளத்துத் தேக்குகளின் வளைய அகலத்தைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுப் பதிவு ஒன்றும் 2010-இல் வெளிவந்தது. எல் நினோ ஆண்டுகளில் மரம் குன்றி வளர்ந்ததை அது காட்டுகிறது. தமிழ்நாட்டில் பிறந்து, 1998-இல் பட்நாகர் விருது பெற்ற ரமேஷ் 2018-இல் மறைந்தார். மழையின் வரலாற்றை மரத்தில் வாசித்த இப்பெரியவரைத் தமிழுலகம் போதிய அளவு அறியவில்லை என்பது என் குறை.

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு 3500 ஆண்டு வயதென்று வழிவழியாகச் சொல்வர். "அதை அளந்தால் காஞ்சியின் மழை முழுதும் தெரியுமே" என்று நண்பர் ஒருவர் கூறினார். தேக்கு வேனிலில் இலை உதிர்த்து ஓய்ந்து ஆண்டுக்கொரு வளையத்தைத் தெளிவாக இடும். வெப்ப நாட்டு மா அவ்வாறு ஒழுங்காக இடுவதில்லை. அன்றியும், தலமரம் வணங்குதற்கு உரியது, துளையிடுதற்கு உரியதன்று. நம் தெருக்களில் நெசவாளர் வீடுகள் இடிபடும்போது கழிக்கப்படும் தேக்குத் தூண்கள் வளையமுள்ளவை. ஆனால் அவை சொல்லும் மழை மலையாளத்ததாகவோ பர்மாவினதாகவோ இருக்கக்கூடும். ஏரி வண்டலும் இங்கு முழுதும் உதவாது. தூர்வாரப்படுவதற்கே உரியது ஏரி. ஏட்டைக் காக்க வேண்டித் தூர்வாராதே என்று உழவனிடம் சொல்ல முடியாது. அகழாய்வுகளில் கிடைக்கும் கருகிய தானியம் மட்டும் நம் மண்ணுக்கே உரிய சாட்சி. நெருப்பில் கரிந்தாலும் அதன் கரியின் எடைக் கணக்கு பெரும்பாலும் மாறுவதில்லை. விளைந்த பயிர் நீர் பெற்றதா, வாடிற்றா என்பதை அதைக்கொண்டு மேலை நாடுகளில் ஆராய்ந்து வருகின்றனர். ஆதலின் பழங்குழியில் கிடைக்கும் ஒரு பிடிக் கருகிய நெல்லும் வரகும் பொற்காசுக்கு நிகராகப் பேணத் தக்கவை.

வயலுக்குத் திரும்பிய கல்வி

இக்கல்வி பழங்காலத்தோடு நின்றுவிடவில்லை. ஃபார்குவரின் வழியைப் பின்பற்றிக் குறைந்த நீரில் மிகுதியாக ஈட்டும் கோதுமையைத் தெரிந்தெடுத்து, 2002-இல் ஆஸ்திரேலியாவில் டிரைஸ்டேல் என்னும் வகையை வெளியிட்டனர். நமக்கு இன்னும் அண்மையானது நிலக்கடலை. நம் வட்டாரத்து மானாவாரி மேட்டுநிலங்களின் பயிரான அதனை 1980களிலும் 1990களிலும் ஆஸ்திரேலிய அறிஞரும், ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் உள்ள அனைத்துலகப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஆராய்ந்தனர். நீரைச் சிக்கனமாகச் செலவிடும் கடலை வகைகளில் இலை சற்றுத் தடித்திருப்பதையும் கண்டனர். விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்திலும் இலையின் பரப்பையும் எடையையும் பார்த்து ஓரளவு தெரிந்தெடுக்கலாம் என்பது இதனால் கிடைத்த பயன். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நீரைச் சேமிக்கும் செடி நல்ல மழை பெய்த ஆண்டில் பின்தங்கிவிடக்கூடும். துளையை இறுக மூடியவன் விருந்து நாளிலும் குறைவாகவே உண்பான்.

வினாவுக்கு விடை

இப்போது அந்த இளங்கவிஞருக்கு விடை சொல்லலாம். நிலம் மெய்யாகவே திணை மாறும். முல்லையும் குறிஞ்சியும் திரிவது கற்பனையன்று. நீலமலையின் சேறு அதற்குச் சான்று. ஆனால் புலவர் கண்ட திரிபும் சேறு கண்ட திரிபும் ஒன்றல்ல. புலவர் கண்டது ஒரு வேனிலில், ஒரு வாழ்நாளில் கண்ணெதிரே நிகழ்ந்த வாட்டம். அந்நிலத்தின் வழியே பொருள் தேடிப் பிரிந்தவனையும், காத்திருந்தவளையும் அவர் கண்டார். சேறு கண்டது ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்த மெல்லிய பெருமாற்றம். அதற்குப் பிரிந்தவனும் தெரியாது, காத்திருந்தவளும் தெரியாது. எவ்வளவு வறண்டது என்பதை இலை சொல்லும். வறட்சி யாரை என்ன செய்தது என்பதை மனிதன்தான் எழுத வேண்டும். ஒருவர் சாட்சியை மற்றவர் சொல்ல இயலாது.

நம் காலமும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் பண்டைச் செடிகளிலிருந்தும் கடல் நுண்ணுயிர்களிலிருந்தும் வந்தவை. அவற்றில் இலேசான கரியே மிகுதி. நாம் எரிக்க எரிக்கக் காற்றின் கரியும் இலேசாகி வருகிறது. இவ்வாண்டு நம் தெருவில் துளிர்த்த வேப்பிலையிலும் நம் புகையின் கணக்கு ஏறியிருக்கிறது. பின்னொரு நாள் அதைப் படிப்பவர் நம்மைப் பற்றி அறிவர்.

இக்கட்டுரைக்காக நம் வட்டத்தின் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினேன். யார் பேசினார், என்ன கவிதை வாசிக்கப்பட்டது என்பதெல்லாம் செம்மையாக உள்ளன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்து பெய்தது. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு கிடந்தன. அவ்வாண்டுகளின் குறிப்புகளில் மழை என்ற சொல் கவிதைத் தலைப்பாக மட்டுமே வருகிறது. ஏரிக்கு வாரியம் வைத்த மண்ணில் அமர்ந்து மழையைப் பாடிக்கொண்டிருந்த நாம், மழை வந்ததா என்று எழுத மறந்தோம்.

ஆதலின் ஒரு சிறு வேண்டுகோள். பதினோராம் ஆண்டு முதல் ஒவ்வொரு கூட்டக் குறிப்பின் தலைப்பிலும், நாளுக்கு அடுத்தபடியாக, அம்மாதம் மழை பெய்த நாள்கள் எத்தனை, அருகிலுள்ள ஏரியில் நீர் எம்மட்டில் நிற்கிறது, தெருவோர வேம்பு எந்த நாளில் பூத்தது என்று மூன்று வரி எழுதுவோம். அதற்குக் கருவி வேண்டாம், பொருட்செலவு வேண்டாம், கண் போதும். செடி தன் பங்கை நாள் தவறாமல் எழுதி வருகிறது. நம் பங்கை நாம் எழுதத் தொடங்குவோம்.